திரையில் இருக்கிறது, தாளில் இல்லை

கேள்வி: கட்டட அலுவலகம் ஒன்றில் ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் வரைகிறேன். நேற்று ஏ1 தாளில் பிளாட் (அச்சு) எடுத்தேன். படிக்கட்டுக்குப் பக்கத்தில் எழுதிய குறிப்புகள் மட்டும் வரவில்லை, திரையில் நன்றாகத் தெரிகின்றன. ஆனால் வேண்டாத வியூபோர்ட் சட்டம், அதாவது தாளில் வரைபடத்தைக் காட்டும் சாளரத்தின் ஓரக்கோடு, கறுப்பாக விழுந்திருக்கிறது. ஏன் இப்படி? (வாசகி, திருச்சி)

பதில்: அந்தக் குறிப்புகளில் ஒன்றைச் சொடுக்கி, எந்த லேயரில் (வரைந்தவற்றைப் பிரித்து வைக்கும் அடுக்கில்) இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் டெஃப்பாயிண்ட்ஸ் என்றுதான் இருக்கும். அது நீங்கள் உருவாக்கிய லேயர் அல்ல, முதல் டைமென்ஷன் (அளவுக் குறியீடு) போட்டதுமே அளவெடுத்த புள்ளிகளை வைத்துக்கொள்ள மென்பொருள் தானாக உருவாக்கிக்கொள்வது, அதில் இருக்கும் எதுவும் பிரிண்ட் ஆகாது. தெரியாமல் அதையே கரண்ட் லேயராக (இப்போது வரையும் லேயராக) வைத்து எழுதிக்கொண்டே போனால் திரையில் எந்த வித்தியாசமும் தெரியாது. பல வருடங்களுக்கு முன் நான் வரைந்த ஒன்றில் லிண்டல் (கதவு, சன்னலுக்கு மேல் வரும் உத்திரம்) மட்டக் குறிப்பு இப்படித்தான் விடுபட்டு, கொத்தனார் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. குறிப்புகளை எழுத்துக்கான லேயருக்கு மாற்றுங்கள், வந்துவிடும். அவை இருப்பது டெஃப்பாயிண்ட்ஸில் இல்லையென்றால், லேயர் பட்டியலில் அந்த லேயருக்கு நேரே உள்ள பிரிண்டர் படம் அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, வியூபோர்ட் சட்டம். அதற்கென்று தனி லேயர் ஒன்று போட்டு, சட்டத்தை அதில் மாற்றி, இதே பிரிண்டர் படத்தை அணைத்துவிடுங்கள். லேயரையே ஃப்ரீஸ் செய்தாலும் (திரையிலும் மறைத்தாலும்) சட்டம் அச்சாகாதுதான், ஆனால் அப்புறம் அதைப் பிடித்து நகர்த்த முடியாது. பலர் சட்டத்தை டெஃப்பாயிண்ட்ஸில் போட்டுவிடுகிறார்கள். வேலை நடக்கும், ஆனால் எனக்கு அதில் உடன்பாடில்லை. வேண்டுமென்றே மறைத்ததும் தவறி விழுந்ததும் ஒரே இடத்தில் கலந்துவிட்டால் நாளை அந்த ஃபைலைத் திறப்பவர் எதை நம்புவார்?

பிளாக்குகளில், அதாவது பல கோடுகளை ஒரே பொருளாகச் சேர்த்து வைத்தவற்றில், மட்டும் கவனம். பிரிண்ட் ஆகாத லேயரில் ஒரு பிளாக்கை வைத்தாலும், அதன் உள்ளே வேறு லேயரில் வரைந்த கோடுகள் அந்த லேயரைப் பொறுத்து அச்சாகிவிடும். லேயர் 0-இல் வரைந்தவை மட்டுமே பிளாக் வைக்கப்பட்ட லேயரைப் பின்பற்றும்.

வைப்அவுட் (பின்னால் உள்ளதை மறைக்கும் வெற்றுப் பரப்பு) போட்ட இடத்திலும் இதுபோல ஓரக்கோடு விழுந்தால், வைப்அவுட்ஃப்ரேம் என்ற மென்பொருள் அமைப்பு மாறியின் மதிப்பை 2 ஆக்குங்கள். திரையில் ஓரம் தெரியும், தாளில் விழாது.