கோபர் கேஸில் அழுத்தம் இருக்கிறது, அடுப்பு எரியவில்லை

கேள்வி: நான்கு கறவை மாடுகள், 2 கன மீட்டர் தீனபந்து கலன் (மண்ணுக்குள் கட்டும் குவிமாட வகை) வைத்திருக்கிறோம். மூன்று வருடமாக நன்றாக எரிந்தது. போன மாதம் காதுகுத்து விருந்தில் மிஞ்சிய சோறு, சாம்பார், பாயசம் எல்லாவற்றையும் நான்கைந்து நாள் தொடர்ந்து கலனில் கொட்டினோம். முதலில் கேஸ் அதிகமாக வந்தது. இப்போது அழுத்தம் இருந்தும் தீக்குச்சி வைத்தால் பற்றுவதே இல்லை. வெளியே வரும் கரைசலில் புளித்த வாடை. கடையில் 'மீத்தேன் பாக்டீரியா' பாக்கெட் விற்கிறார்கள், வாங்கலாமா? ஒரு மாட்டுக்கு மடிநோய்க்கு ஊசி போட்டோம், அதுவும் காரணமாக இருக்குமா?
— பென்னாகரம் பகுதி விவசாயி, தர்மபுரி மாவட்டம்

பதில்: கலன் புளித்துவிட்டது. குழாயில் வருவது பெரும்பாலும் கரியமில வாயு, அது எரியாது. நல்ல கேஸில் மீத்தேன் 55 முதல் 60 சதவீதம் இருக்கும். பாதிக்கும் கீழே இறங்கினால் சுடர் தள்ளாடும், இன்னும் குறைந்தால் பற்றவே பற்றாது. எரியாத கேஸை அடுப்படியில் திறந்து திறந்து பார்க்க வேண்டாம். வெளியே திறந்தவெளியில், நெருப்பு எதுவும் பக்கத்தில் இல்லாதபோது விட்டுவிடுங்கள். கலனுக்குள் என்ன ஆயிற்று என்று பார்க்க யாரும் இறங்கவும் கூடாது. அது உயிருக்கே ஆபத்து.

கலனுக்குள் இரண்டு வகை வேலையாட்கள். சோற்றையும் சாணத்தையும் உடைத்து அமிலமாக்கும் பாக்டீரியாக்கள் முதல் வகை. இட்லி மாவு ஒரே இரவில் புளிப்பதுபோல இவை சில மணி நேரத்தில் இரண்டு மடங்காகிவிடும். அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் விடுபவை இரண்டாம் வகை. சாணக் கலனில் வரும் மீத்தேனில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு அசிட்டேட் எனும் அமிலத்திலிருந்துதான் கிடைக்கிறது. அதைத் தின்பதில் முக்கியமானது மெத்தனோத்ரிக்ஸ். இது ஒன்று இரண்டாகப் பெருக நான்கு நாளுக்கு மேலே ஆகும். நீங்கள் சோறு கொட்டிய வேகத்துக்கு அமிலம் குவிந்தது, இவை ஈடுகொடுக்க முடியவில்லை. புளிப்பு ஏற ஏற இவை இன்னும் முடங்கின. முதலில் கேஸ் அதிகமாக வந்ததும் இந்தப் புளிப்பின் அறிகுறிதான்.

சரி, இனி என்ன செய்வது? இன்றே எல்லாத் தீனியையும் நிறுத்துங்கள், சாணத்தையும் சேர்த்துத்தான். புளிப்பின் அளவைக் காட்டும் பிஎச் காகிதம் ஒரு கட்டு வாங்கி, வெளிப்போக்கில் குச்சி விட்டுக் கலக்கி, கரைசலை எடுத்துப் பாருங்கள். 7-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. 6.5-க்குக் கீழே என்றால் சமையல் சோடா 1 கிலோவை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து உள்வாயில் ஊற்றிக் கலக்குங்கள். ஒரு நாள் விட்டு மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் மீண்டும் அதே அளவு, மூன்று நான்கு தடவை வரை. சுண்ணாம்பு மலிவுதான், ஆனால் எனக்கு அதில் விருப்பமில்லை. அது கரியமில வாயுவைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்வதால் கலனுக்குள் அழுத்தம் திடீரென்று இறங்கும், வால்வு திறந்திருந்தால் காற்று உள்ளே போகும். காற்று மீத்தேன் உயிரிகளுக்கு விஷம்.

அப்புறம்தான் முக்கியமான வேலை. பலரும் "புதுச் சாணம் கொட்டு, சரியாகிவிடும்" என்பார்கள். பாதிதான் உண்மை. மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் மீத்தேன் உயிரிகளில் பெரும்பான்மை மெத்தனோபிரெவிபாக்டர் வகை. இவை ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் சேர்த்து மீத்தேன் ஆக்குபவை. இவற்றுள் ஒன்றான மெத்தனோபிரெவிபாக்டர் ருமினான்டியத்தின் முழு மரபணுத் தொகுப்பையும் நியூசிலாந்து ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்டார்கள். ஹைட்ரஜன், ஃபார்மேட் எனும் இன்னொரு அமிலம் இரண்டையும் பயன்படுத்தும் வழி அதில் இருக்கிறது. அசிட்டேட்டை மீத்தேனாக்கும் வழி இல்லை. மாட்டுக்குள் அதற்கு அவசியமும் கிடையாது. அசிட்டேட்டை மாடே உறிஞ்சிக்கொள்கிறது, பாலின் கொழுப்பில் நல்ல பங்கு அதிலிருந்துதான் வருகிறது. ஓரிரு நாளில் தீவனம் நகர்ந்துவிடும் வயிற்றில், நான்கு நாள் எடுத்துப் பெருகும் உயிரியால் தங்கவும் முடியாது.

ஆக, உங்களுக்கு வேண்டிய ஆள் புதுச் சாணத்தில் மிகக் குறைவு, நன்றாக எரியும் இன்னொரு கலனின் பழைய கரைசலில் ஏராளம். பக்கத்தில் யாரிடம் ஓடுகிற கலன் இருக்கிறதோ, அவர்களிடம் 300, 400 லிட்டர் கேளுங்கள். கேனில் முட்ட நிரப்பி, மூடி, அன்றைக்கே கொண்டுவந்து ஊற்றுங்கள். திறந்த டிரம்மில் வெயிலில் ஒரு நாள் கிடந்தால் பயனில்லை.

பாக்கெட்டைப் பற்றி: மீத்தேன் விடும் உயிரிகள் ஆக்சிஜன் பட்டால் முடங்கிவிடும். கடை அலமாரியில் காய்ந்த பொடியாக இவை எத்தனை உயிரோடு இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். நான் காசு போட மாட்டேன்.

பிஎச் 7-ஐத் தொட்ட பிறகு, வழக்கமான 50 கிலோ சாணத்தில் கால்வாசியை மட்டும் சம அளவு தண்ணீரில் கரைத்து விடுங்கள். சுடர் நீலமாக நிற்கிறதா என்று பார்த்து, வாரத்துக்கு வாரம் கூட்டுங்கள். புளித்த கலனில் முதலில் தலையெடுப்பது பெரும்பாலும் மெத்தனோசார்சினா எனும், அசிட்டேட் தின்னும் இன்னொரு மீத்தேன் உயிரி. அசிட்டேட் மிகுந்திருந்தால் வேகமாகத் தின்னும் நொதிகள் அதற்கு உண்டு. மெத்தனோத்ரிக்ஸ் வைத்திருக்கும் நொதி வேறு. அதிக ஆற்றலைச் செலவழித்தாலும், அடியில் மிஞ்சும் கொஞ்சநஞ்ச அசிட்டேட்டையும் வழித்தெடுக்கும். அது திரும்பிப் பெருகினால்தான் கலன் நிலைப்படும். ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம், இரவுக் குளிர் இருந்தால் இன்னும் இழுக்கும்.

இனி சோறு போடவே கூடாதா? போடலாம். மாடு ஏற்கெனவே செரித்துவிட்ட சாணத்தைவிட, கிலோவுக்குக் கிலோ சோற்றில் கேஸ் பல மடங்கு வரும். கூழாகக் கரைத்து, தினமும் 1, 2 கிலோ, சாணத்தோடு சேர்த்து. விருந்து மிச்சம் அண்டா கணக்கில் இருந்தால் அது உரக்குழிக்குப் போகட்டும்.

மடிநோய் ஊசி விஷயம். மீத்தேன் உயிரிகள் பாக்டீரியா அல்ல. 1977-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கார்ல் வூஸ், ஜார்ஜ் ஃபாக்ஸ் இருவரும், எல்லா உயிர்களிலும் இருக்கும் ரைபோசோம் ஆர்என்ஏ எனும் மூலக்கூறை ஒப்பிட்டு இவை உயிர்களில் தனிக் கிளை என்று காட்டினார்கள். இன்று ஆர்க்கியா என்கிறோம். பாக்டீரியாவின் செல்சுவரில் இருக்கும் பொருள் இவற்றில் கிடையாது. அதனால் அந்தச் சுவரைத் தாக்கும் பெனிசிலின் வகை மருந்துகள் இவற்றை நேரடியாகக் கொல்வதில்லை. ஆனால் இவற்றுக்கு இரை தயாரித்துத் தரும் பாக்டீரியாக்கள் அடிபடலாம். நான்கில் ஒரு மாட்டின் சாணம் உங்கள் கலனை இந்த நிலைக்குக் கொண்டுவந்திருக்காது. இருந்தாலும் சிகிச்சை நாட்களிலும் அதன்பின் ஒரு வாரமும் அந்த மாட்டுச் சாணத்தைத் தனியே குப்பையில் போடுங்கள். கொட்டகை கழுவும் பினாயில், பிளீச்சிங் பவுடர் தண்ணீர் உள்வாய்ப் பக்கம் ஓடுகிறதா என்பதையும் பாருங்கள். ஊசியைவிட அதுதான் எனக்குக் கவலை.