கேள்வி பதில்: பயணப் பெட்டியும் ஒரு ஜோடி ஸ்னீக்கர்ஸும்

கேள்வி: பத்து நாள் சுற்றுப்பயணம் செல்லவிருக்கிறேன். விமானத்தில் கையோடு எடுத்துச் செல்லும் சிறிய பெட்டி மட்டும்தான்; எடை 7 கிலோவைத் தாண்டக் கூடாது. நடை அதிகம் என்பதால் ஸ்னீக்கர்ஸ் அணிந்து செல்ல முடிவு செய்துள்ளேன். ஆனால், எடுத்து வைத்த ஆடைகளில் பாதி அந்த ஷூவோடு ஒட்டவே மாட்டேன் என்கின்றன. எதை வைப்பது, எதை விடுவது?

பதில்: ஸ்னீக்கர்ஸ் என்ற உங்கள் முடிவு சரியானதே. ஆடைகளை முதலில் எடுத்துவிட்டு ஷூவைக் கடைசியில் சேர்த்ததுதான் சிக்கலுக்குக் காரணம். பத்து நாளும் மாறாமல் உடனிருக்கப் போவது ஷூ என்பதால், அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஷூவைக் கட்டிலருகே தரையில் வைத்து, அதோடு சேரும் பேண்ட்களை முதலிலும், அந்தப் பேண்ட்களோடு சேரும் மேல்சட்டைகளைப் பிறகும் தேர்ந்தெடுங்கள்.

மூன்று பேண்ட், ஐந்து மேல்சட்டை போதும். எந்தச் சட்டையும் எந்தப் பேண்ட்டோடும் சேரும் என்றால் 15 விதமாக உடுத்தலாம். ஒரு சட்டை ஒரே ஒரு பேண்ட்டுக்குத்தான் பொருந்தும் என்றால், மற்றச் சட்டைகளைப் போலவே எடையையும் இடத்தையும் பிடித்துக்கொண்டு, மூன்று விதங்களுக்குப் பதில் ஒன்றை மட்டுமே அது தரும். எவ்வளவு பிடித்த சட்டையானாலும் அதை வீட்டிலேயே விட்டுவிடுவது நல்லது. பேண்ட்கள் கருநீலம், சாம்பல், கறுப்பு போன்ற அடங்கிய நிறங்களில் வேலைப்பாடின்றி இருக்கட்டும்; பூ, கோடு, கட்டம் ஆகியவற்றின் மீதான ஆசையை மேல்சட்டைகளில் தீர்த்துக்கொள்ளலாம். புகைப்படங்களில் பெரும்பாலும் தெரிவதும் மேல்பாதிதானே! எல்லாவற்றுக்கும் மேலே போடக்கூடிய மெல்லிய ஜாக்கெட் ஒன்றைச் சேர்த்துக்கொண்டால், பழைய சட்டைகளே வேறு தோற்றம் தரும்.

நிறத்தைப் பார்ப்பவர்கள் பேண்ட்டின் நீளத்தைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. பேண்ட்டின் விளிம்பு லேஸின் மேல் விழுந்து மடிந்து கிடந்தால், ஷூ எவ்வளவு நன்றாக இருந்தாலும் தோற்றம் தொய்ந்துவிடும். கணுக்கால் எலும்பை ஒட்டி முடியும் நீளமே ஸ்னீக்கர்ஸுக்கு எடுப்பாக இருக்கும். அடிப்பகுதி தடித்த ஷூ என்றால், கீழே குறுகி வரும் பேண்ட் அதற்கு ஒத்துப்போகும். முழங்காலளவு கவுன் அணிய விரும்பினால், சோல் மெல்லியதாக உள்ள, ஒரே நிறத்திலான ஸ்னீக்கர்ஸைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

ஜீன்ஸ் கனமானது, துவைத்தால் எளிதில் காயாது. ஆகவே ஒன்றுக்கு மேல் வேண்டாம், அதையும் பயண நாளில் உடுத்திக்கொள்ளுங்கள். ஷூவும் ஜாக்கெட்டும் அப்படியே. காலில் கிடக்கும் ஷூவை யாரும் கழற்றித் தராசில் வைக்கப் போவதில்லை. மற்ற இரண்டு பேண்ட்டும் நைலான் அல்லது பாலியெஸ்டர் கலந்த மெல்லிய துணியாக இருந்தால், இரவில் அறையிலேயே அலசிவிடலாம். அலசியதை உலர்ந்த துண்டுக்குள் வைத்துச் சுருட்டி, அழுத்தி முறுக்கினால் ஈரத்தில் பெரும்பகுதியைத் துண்டு உறிஞ்சிக்கொள்ளும். விரித்துப் போட்டால் பெரும்பாலும் காலைக்குள் காய்ந்திருக்கும்.

கேள்வி: வெள்ளை ஸ்னீக்கர்ஸ் எதற்கும் பொருந்தும் என்கிறார்களே, பயணத்திற்கென்று புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: வெள்ளை பொருந்தும் என்பது உண்மைதான். ஆனால், வெள்ளையிலும் வேறுபாடு உண்டு. தோல் அல்லது தோல் போன்ற மேற்பரப்பு உடையதை ஈரத்துணியால் துடைத்துவிடலாம். கேன்வாஸ் அழுக்கை உள்ளிழுத்துக்கொள்ளும். என்னைக் கேட்டால், தூய வெள்ளையைவிட வெளிர் சாம்பலே பயணத்திற்கு ஏற்றது. பொருத்தத்தில் குறைவில்லை, தூசியும் சட்டென்று தெரியாது. வெள்ளைதான் வேண்டுமென்றால் புதிய கருநீல ஜீன்ஸிடம் எச்சரிக்கையாக இருங்கள். நடக்க நடக்க அதன் விளிம்பு ஷூவின் கழுத்தில் உரசி, குதிகாலுக்கு மேலே நீலமாக ஒரு பிறைக்கோடு படிந்துவிடும். அது எளிதில் போகாது. ஜீன்ஸை முன்கூட்டியே சில முறை துவைத்துச் சாயத்தைக் கழித்துவிடுவது நல்லது.

புதிய ஷூவோடு விமானம் ஏறுவது மட்டும் வேண்டவே வேண்டாம். புறப்படுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பாவது வாங்கி, நாள்தோறும் சிறிது நேரம் அணிந்து நடந்து பழக்குங்கள். நாள் முழுவதும் நின்றும் நடந்தும் கால் சற்று வீங்குவதால் மாலையில் சென்று, பயணத்தில் அணியப்போகும் சாக்ஸையே போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். எழுந்து நின்றபோது, மிக நீளமான விரலுக்கு முன்னால் ஏறத்தாழ ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும்; இல்லையென்றால் இறக்கத்தில் நடக்கும்போது நகம் இடிபடும்.

கேள்வி: மழையில் ஷூ நனைந்துவிட்டால் என்ன செய்வது? மாற்றுக்கு இன்னொரு ஜோடி ஸ்னீக்கர்ஸ் தேவையா?

பதில்: தேவையில்லை, பெட்டியில் அவ்வளவு இடத்தைப் பிடிக்கும் பொருள் வேறில்லை. அதற்குப் பதிலாக ஒரு மெல்லிய, கறுப்புத் தோல் செருப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஷூ காயும் வரை அது காலுக்கு ஆகும். சற்று நல்ல இடத்தில் இரவு உணவுக்குச் செல்லும்போது, கறுப்புப் பேண்ட்டோடு அதுவே பொருத்தமாகவும் இருக்கும்.

நனைந்த ஷூவின் லேஸைத் தளர்த்தி, உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் அட்டையை (இன்சோல்) வெளியே எடுத்துவிட்டு, செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். தாள் ஈரமானதும் மாற்றி, மின்விசிறிக் காற்று படும்படி வையுங்கள். அவசரப்பட்டு ஹேர் டிரையரையோ ஹீட்டரையோ நாடினால், சோலை ஒட்டியிருக்கும் பசை இளகிவிடக்கூடும். தோலாக இருந்தால் வெடிப்பு விழும். ஷூவைவிடச் சாக்ஸில் தாராளமாக இருங்கள். பருத்திச் சாக்ஸ் வியர்வையைத் தேக்கிவைத்துக் கொப்புளத்திற்கு வழி செய்வதால், செயற்கை இழையோ மெரினோ கம்பளியோ கலந்தவற்றில் நான்கைந்து ஜோடி எடுத்துக்கொண்டு, காலையில் அணிந்தது நனைந்துவிட்டால் நடுப்பகலிலேயே மாற்றிக்கொள்ளுங்கள்.