ஒலி மிக்சர் (பல மைக், கருவிகளின் ஒலியைக் கலக்கும் பெட்டி) வாங்கும் முன்: கேள்வி-பதில்

கேள்வி: "12 சேனல்" என்று போட்டிருந்த மிக்சரை வாங்கினேன். மைக் மாட்ட நாலே இடம். கேட்டால், "எண்ணிப் பாருங்கள், 12 வரும்" என்கிறார் கடைக்காரர். ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஆமாம், உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். நாலு மைக் சேனல், அதோடு நாலு ஸ்டீரியோ ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் இடது, வலது என இரண்டு துளை. ஆனால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஃபேடர், அதாவது ஒலியளவை ஏற்றி இறக்கும் நகர்த்துபிடி. அந்த எட்டையும் எட்டு சேனலாகக் கணக்குக் காட்டித்தான் 12 ஆக்குகிறார்கள். பொய் என்று நிரூபிக்க முடியாத பொய் இது, அதனால்தான் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வாங்குகிறவர்கள் அட்டைப்பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, மூன்று துளை உள்ள எக்ஸ்எல்ஆர் என்ற மைக் சாக்கெட் எத்தனை, ஃபேடர் எத்தனை என்று விரல்விட்டு எண்ணுங்கள். யுஎஸ்பி இருந்தால் இன்னொன்றும் கேளுங்கள்: கணினிக்குள் ஒவ்வொரு சேனலும் தனித்தனியாகப் போகுமா, இல்லை கலந்த இரண்டு மட்டும்தானா? சிறிய மிக்சர்களில் பெரும்பாலும் இரண்டுதான். அப்படிப் பதிவான பாட்டில் குரலோடு எக்கோவும் சேர்ந்துவிட்டால், பிறகு அதைச் சுத்தமாகப் பிரித்தெடுக்க வழியில்லை.

கேள்வி: எக்கோ போன்ற எஃபெக்ட் 99 உள்ள மிக்சர் ஒன்று, 16 உள்ளது ஒன்று. எது நல்லது?

பதில்: எண்ணிக்கையில் மயங்கி நானும் ஒன்று வாங்கினேன், அதில் உருப்படியாகப் பயன்பட்டவை மூன்றே. உள்ளேயே எஃபெக்ட் வரும் சிறிய மிக்சர்களில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். பாடகருக்கு எக்கோ, டிரம்முக்கு ரிவெர்ப் (பெரிய கூடத்தில் ஒலிப்பதுபோன்ற முழக்கம்) என்று ஒரே சமயத்தில் கொடுக்க முடியாது. ஆகவே ஆக்ஸ் சென்ட் துளை, அதாவது சேனல் ஒலியில் ஒரு பங்கை வேறு கருவிக்கு அனுப்பும் துளை, வெளியே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பின்னாளில் தனி ரிவெர்ப் கருவி வாங்கி, சென்டிலிருந்து அதற்குக் கொடுத்து, அதன் வெளியீட்டை ஒரு ஸ்டீரியோ சேனலுக்குக் கொண்டுவரலாம். கருவியில் எஃபெக்ட் ஒலியை நூறு சதவீதம் வையுங்கள். மூல ஒலிதான் ஏற்கெனவே அதன் சேனல் வழியே வருகிறதே.

கேள்வி: பாட்டின் நடுவே இடி, மழைச் சத்தம் சேர்க்க, போனிலிருந்து மைக் சேனலுக்கு ஒரு வயர் வாங்கினேன். இடி சூம்பிப்போய் ஒலிக்கிறது. சோதிக்கப் பாட்டு போட்டால் பாடகர் குரலே காணோம்! மிக்சர் பழுதா?

பதில்: மிக்சரில் பழுதில்லை, வயர்தான் தப்பு. ஒரு முனையில் 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின், மறுமுனையில் எக்ஸ்எல்ஆர், அப்படித்தானே? அதில் இடது ஒலி எக்ஸ்எல்ஆரின் 2ஆம் ஊசிக்கும், வலது ஒலி 3ஆம் ஊசிக்கும் போகும். மைக் உள்ளீடு ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும். இரு பக்கமும் ஒரேமாதிரி இருக்கிற எதுவும், அதாவது நடுவில் நிற்கும் குரலும் இடியின் கனமும், கழிந்து காணாமல் போகும். இதை விற்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். வயரைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள். வேண்டியது, 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின்னிலிருந்து இரண்டு 6.35 மி.மீ. மோனோ பின்னாகப் பிரியும் வயர். ஸ்டீரியோ சேனலின் இடது, வலதில் மாட்டி, கெயினை (உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் குமிழ்) குறைத்து வைத்துத் தொடங்குங்கள். மைக்குக்கு மின்சாரம் அனுப்பும் 48 வோல்ட் பொத்தான் போட்டிருக்கும்போது போனை மைக் சாக்கெட்டில் இனி மாட்டவே வேண்டாம், போன் கெட்டுப்போகலாம்.

கேள்வி: ஃபேடரை முழுதாக இறக்கினாலும் எக்கோ மட்டும் கேட்கிறது.

பதில்: எக்கோவுக்கு ஒலி அனுப்பும் ஆக்ஸ் ப்ரீ-ஃபேடரில், அதாவது ஃபேடருக்கு முன்பே ஒலியை எடுக்கும் நிலையில் இருக்கிறது. போஸ்டுக்கு (ஃபேடருக்குப் பின் எடுக்கும் நிலை) மாற்றுங்கள். மாற்றும் பொத்தானே இல்லையென்றால் அது மானிட்டருக்கான (பாடுபவர் தன் குரலைக் கேட்கும் ஸ்பீக்கர்) ஆக்ஸ், எஃபெக்டுக்கு வேறொன்று இருக்கும். கையேட்டில் இதெல்லாம் படம் போட்டே இருக்கும். பிரிக்காமல் வைத்திருக்கிறீர்கள் போலிருக்கிறது.

கேள்வி: ரிவெர்ப் திரும்பி வரும் சேனலில் ஒரு குமிழைத் திருகினால் ஊளையிடுகிறது.

பதில்: அதே சேனலின் எஃபெக்ட் சென்ட் குமிழ் அது, திரும்பி வந்த ஒலியையே மறுபடி ரிவெர்ப் கருவிக்கு அனுப்பிச் சுற்றவிடுகிறது. பூஜ்யத்தில் வையுங்கள்.

கேள்வி: பழைய மிக்சர் ஒன்றை அவசரமாக வாங்கிவிட்டேன். இரண்டு ஃபேடர் கரகரக்கிறது.

பதில்: ஒலி கொடுத்துப் பார்க்காமல் பணத்தை நீட்டலாமா? இப்போதாவது செய்யுங்கள். ஹெட்போன் மாட்டி, ஃபேடரை இருபது முறை மேலும் கீழும் ஓட்டுங்கள். கரகரப்பு குறைந்தால் தூசி. ஒரே இடத்தில் ஒலி அறுந்தால் உள்தடம் தேய்ந்துவிட்டது. ஃபேடரையே மாற்ற வேண்டும். மாட்டிய பின்னை லேசாக அசைத்தால் ஒலி விட்டுவிட்டு வருகிறதா? சாக்கெட்டின் ஈயப்பற்று விரிசல் விட்டிருக்கலாம். 48 வோல்ட்டைப் போட்டு, மைக் சாக்கெட்டின் 1, 2 எண் துளைகளுக்கிடையே மல்டிமீட்டர் வையுங்கள்: 44-லிருந்து 52 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும்.