காணி உறுதி (பத்திரம்) அவர் பெயரில், காசு என்னுடையது: பிரிந்தபின் வீட்டில் எனக்குப் பங்கு உண்டா?

கேள்வி: யாழ்ப்பாணம் கோண்டாவிலில் ஒருவருடன் எட்டு வருடம் ஒன்றாக வாழ்ந்தேன். பதிவும் இல்லை, தாலியும் இல்லை. 2019இல் 30 இலட்சத்துக்குக் காணி வாங்கினோம். அதில் 18 இலட்சம் என் வங்கிக் கணக்கிலிருந்து காணிக்காரருக்கு நேரே போனது. உறுதி அவர் பெயரில் மட்டும். பிறகு என் சம்பளத்தையும் போட்டு வீடு கட்டினோம். இப்போது அவர் பிரிந்து போய்விட்டார், நான் வீட்டில் இருக்கிறேன். விற்பதற்குத் தரகர் வந்து பார்க்கிறார். தேடியதேட்டத்தில், அதாவது மணவாழ்க்கையில் தேடிய சொத்தில், பாதி எனக்குச் சேராதா?

பதில்: தேடியதேட்டமாகச் சேராது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வாரிசுரிமைக் கட்டளைச் சட்டமும் அதன் 1947ஆம் ஆண்டுத் திருத்தமும் கணவனும் மனைவியும் திருமண காலத்தில் தேடியதைப் பற்றியே பேசுகின்றன. நெடுங்காலம் கணவன் மனைவியாக ஊரறிய வாழ்ந்தவர்களைத் திருமணமானவர்கள் என்று நீதிமன்றம் ஊகிப்பதுண்டு. ஆனால் சடங்கே நடக்கவில்லை என்று நீங்களே சொல்லும்போது அந்த ஊகம் நிற்காது. தாலி கட்டி, கூறை கொடுத்துப் பதியாமல் விட்டவர்களின் நிலை வேறு. அவர்களுக்குச் சட்டப்படியான திருமணமே இருக்கலாம், பிரிய விவாகரத்து வழக்கும் தேவைப்படலாம்.

உங்கள் வழி 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு. ஒருவர் விலை கொடுக்க, உறுதி இன்னொருவர் பெயரில் எழுதப்பட்டால், கொடுத்தவர் அதை அன்பளிப்பாக எண்ணவில்லை என்று தெரிந்தால், உறுதிக்காரர் அந்தக் காணியைக் கொடுத்தவருக்காகவே வைத்திருக்கிறார். 30இல் 18 உங்களுடையது. ஐந்தில் மூன்று பங்கைக் கோரலாம். எதிர்த்தரப்பு “அன்பில் தந்தது” என்றுதான் சொல்லும். வழக்கு வெல்வதும் தோற்பதும் அந்த இடத்தில்தான். வங்கிக் கூற்று, காணிக்காரரின் சாட்சியம், “எங்கட காணி” என்று உங்கள் துணைவர் அனுப்பிய வட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் இன்றே சேர்த்து வையுங்கள். இதைக் கொடுத்த கடனாகக் கேட்டு வழக்குப் போடாதீர்கள். எழுத்தில்லாத கடனுக்குக் காலவரையறை 3 வருடம், அது கடந்துவிட்டது.

வீடு கட்டிய செலவு 84ஆம் பிரிவுக்குள் வராது, ஏனெனில் அது காணி வாங்கிய விலை அல்ல. காணிச் சொந்தக்காரரின் சம்மதத்துடன் கட்டியவர் என்ற வகையில் நட்டஈடு கேட்கலாம். பொதுவாகச் செலவழித்த தொகை, காணிக்குக் கூடிய பெறுமதி இரண்டில் குறைந்ததே கிடைக்கும். அதைத் தரும்வரை வீட்டைப் பிடித்து வைத்திருக்கும் உரிமையையும் கோரலாம். வீட்டை விட்டு வெளியேறினால் அந்த உரிமை போய்விடும். ஆகவே மனம் நொந்து சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். அவர் வந்து அடித்தாலோ மிரட்டினாலோ 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் சேர்ந்து வாழ்ந்தவருக்கும் பொருந்தும். நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேளுங்கள்.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன் விற்பனையை மறிக்க வேண்டும். உங்கள் உரிமையை அறியாமல், விலை கொடுத்து, நல்லெண்ணத்துடன் வாங்கியவரிடமிருந்து காணியை மீட்பது மிகக் கடினம். காணிப் பதிவகத்தில் பதிவுப் பிரதி எடுத்து, ஏற்கெனவே ஈடோ (அடமானமோ) விற்பனையோ பதிவாகியுள்ளதா என்று பாருங்கள். கேவியட் பதியலாம், அது விற்பனையைத் தடுக்காது, உறுதி பதிய வரும்போது உங்களுக்கு அறிவித்தல் கிடைக்கச் செய்யும். அந்த இடைவெளியில் காணி இருக்கும் இடத்துக்குரிய மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கைத் தாக்கல் செய்து, அதை உடனே லிஸ் பென்டன்ஸாக, அதாவது நிலுவையில் உள்ள வழக்காக, காணிப் பதிவேட்டில் பதிவியுங்கள். பிறகு வாங்குபவர் யாரும் வழக்கின் முடிவுக்குக் கட்டுப்படுவார். அதே வழக்கில் இடைக்காலத் தடைக்கட்டளையும் கேட்கலாம். பலர் வழக்கைப் போட்டுவிட்டு இந்தப் பதிவை மறந்துவிடுகிறார்கள்.

பிள்ளை இருந்தால், பதிவில்லாவிட்டாலும் 1999ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டப்படி தகப்பனிடம் செலவு கேட்கலாம். அது தனி வழக்கு.

அவர் இறங்கி வந்து பங்கு தரச் சம்மதித்தால் முத்திரை ஒட்டிய தாளில் கையொப்பம் வாங்கி நின்றுவிடாதீர்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு முன்பாக, இரண்டு சாட்சிகளுடன் எழுதிய உறுதியே காணியை மாற்றும். எழுதிய கையோடு பதிந்துவிடுங்கள்.