கோடு (நிரல்) எழுத அவ்வளவாக வராது. பைத்தான் போன்ற ஓப்பன் சோர்ஸ் திட்டத்தில் டாக்குமென்டேஷன் எழுதிப் பங்களிக்க முடியுமா? எங்கே ஆரம்பிப்பது?

முடியும். ஆனால் "கோடு வராது, அதனால் டாக்ஸ் பக்கம் போகிறேன்" என்ற நினைப்பை விட்டுவிட்டு வாருங்கள். கோடில் தப்பு இருந்தால் பெரும்பாலும் டெஸ்ட் காட்டிக்கொடுத்துவிடும். ஆவணத்தில் ஒரு வாக்கியம் தப்பாக இருந்தால் எதுவும் கத்தாது, படிக்கிறவர்தான் மாட்டிக்கொள்வார். அதனால் நீங்கள் கைவைக்கும் ஒவ்வொரு வாக்கியத்தையும் பைத்தானில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். அதற்குத் தேவையான அளவு கோடு தெரிந்தால் போதும்.

நீங்கள் பைத்தானையே சொல்லிக் கேட்டதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். கையில் இருப்பது விண்டோஸ் லேப்டாப் என்றும் வைத்துக்கொள்கிறேன்.

ஆவணங்களுக்குத் தனி ரெப்போ (திட்டத்தின் கோப்புகள் இருக்கும் களஞ்சியம்) கிடையாது. கிட்ஹப்பில் உள்ள சிபைத்தான் (பைத்தானின் மூல நிரல்) ரெப்போவுக்குள்ளேயே 'டாக்' என்ற ஃபோல்டரில் எல்லாம் இருக்கிறது. கோப்புகள் ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் என்ற எளிய குறியீட்டு வடிவில் இருக்கும், ஸ்ஃபிங்க்ஸ் என்ற கருவி அவற்றை வலைப்பக்கமாக மாற்றும். தளத்தில் ஒரு பிழையைப் பார்த்ததும் ஓடாதீர்கள். பக்கத்தின் மேலே உள்ள பதிப்புப் பட்டியலில் 'டெவ்' (இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் பதிப்பு) என்பதைத் தேர்ந்தெடுத்து, பிழை அங்கேயும் இருக்கிறதா என்று பாருங்கள். பாதி நேரம் யாராவது ஏற்கெனவே திருத்தியிருப்பார்கள். திருத்தம் எப்போதும் மெயின் பிராஞ்சுக்குத்தான் (முதன்மைக் கிளைக்குத்தான்) போக வேண்டும். பழைய பதிப்புகளுக்கு வேண்டுமானால் திட்டத்தைப் பராமரிப்பவர்களே லேபிள் போடுவார்கள், மிஸ் இஸ்லிங்டன் என்ற பாட் (தானியங்கி நிரல்) அதை எடுத்துப் போய்ச் சேர்க்கும்.

ஓர் எழுத்துப்பிழைதான் என்றால் கிட்ஹப்பில் பென்சில் பட்டனை அழுத்தி உலாவியிலேயே முடித்துவிடலாம். அதற்கு மேல் என்றால் ஃபோர்க் செய்து (உங்கள் கிட்ஹப் கணக்கில் ஒரு நகல்) குளோன் எடுங்கள் (அதைக் கணினிக்கு இறக்குவது). முழு வரலாறும் இறங்கினால் நெட் பேக் காலி, எனவே கடைசி நிலை மட்டும் இறங்க டெப்த் 1 என்று கொடுங்கள். பைத்தானைக் கம்பைல் செய்யத் தேவையில்லை. கணினியில் ஏற்கெனவே இருக்கும் பைத்தானே போதும். டாக் ஃபோல்டருக்குள் போய் மேக் டாட் பேட் கோப்பை எச்டிஎம்எல் என்ற சொல்லோடு ஓட்டினால், ஸ்ஃபிங்க்ஸ் இல்லாவிட்டால் அதுவே நிறுவிக்கொண்டு, பில்ட் ஃபோல்டரில் பக்கங்களை உருவாக்கித் தரும். முதல் தடவை நேரம் எடுக்கும்.

புதியவர்கள் வழுக்கி விழுவது இந்த வடிவத்தில்தான். மார்க்டவுன் என்ற இன்னொரு எழுத்து வடிவத்தின் பழக்கத்தில் ஒற்றை பேக்டிக் (`) போடுவார்கள். இங்கே நிரலைக் காட்ட இரட்டை பேக்டிக் வேண்டும். அதை மூடிய கையோடு ஒட்டி ஆங்கிலப் பன்மை 'எஸ்' போட்டால் ஸ்ஃபிங்க்ஸ் திட்டும், ஏனென்றால் மூடிய பேக்டிக்குக்குப் பிறகு இடைவெளியோ நிறுத்தற்குறியோ வர வேண்டும். உள்தள்ளல் நான்கு இடம் அல்ல, மூன்று. தலைப்புக்குக் கீழே போடும் அடிக்கோடு தலைப்பைவிடக் குட்டையாக இருந்தால் எச்சரிக்கை வரும். எல்லாவற்றையும்விட மோசமானது இது: இரண்டு புள்ளி, ஓர் இடைவெளி, 'நோட்', பிறகு இரட்டை முக்காற்புள்ளி என்று எழுத வேண்டிய இடத்தில் ஒரே ஒரு முக்காற்புள்ளி போட்டால், ஸ்ஃபிங்க்ஸ் அதைக் கமென்ட் என்று எடுத்துக்கொள்ளும். எச்சரிக்கை கிடையாது. நீங்கள் எழுதிய குறிப்பு பக்கத்தில் வரவே வராது. ஸ்ஃபிங்க்ஸ் லின்ட் என்ற சோதனைக் கருவியை ஓட்டினால் பிடிக்கும். அதைவிட, உருவான பக்கத்தைத் திறந்து கண்ணால் பாருங்கள்.

இன்னொரு குழப்பம்: பைத்தானில் ஹெல்ப் என்று அடித்தால் வரும் விளக்கமும் தளத்தில் உள்ள விளக்கமும் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. முன்னது கோடுக்குள் இருக்கும் டாக்ஸ்ட்ரிங், பின்னது டாக் ஃபோல்டரில் கையால் எழுதியது. பிழை இரண்டிலும் இருந்தால் இரண்டையும் திருத்த வேண்டும். சி மொழியில் எழுதிய ஃபங்ஷன் என்றால் அந்த டாக்ஸ்ட்ரிங் பெரும்பாலும் ஆர்க்யுமென்ட் கிளினிக் என்ற கருவி வழியாக வரும். மூலத்தை மாற்றியபின் அந்தக் கருவியை ஓட்டித் துணைக்கோப்பையும் புதுப்பிக்காவிட்டால் சிஐ (தானியங்கிச் சோதனை) சிவப்பாகும். முதல் பங்களிப்புக்கு அந்தப் பக்கம் போகாமலிருப்பதே நல்லது.

புல் ரிக்வெஸ்ட் (உங்கள் திருத்தத்தைச் சேர்க்கக் கோரும் விண்ணப்பம்) போட்டதும் பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடச் சொல்லி பாட் வரும். கமிட்டில் (பதிவுசெய்த திருத்தத்தில்) உள்ள மின்னஞ்சல் உங்கள் கிட்ஹப் கணக்கில் சேர்க்கப்பட்டதாக இருக்கட்டும், இல்லையென்றால் அங்கேயே இழுபறி. தலைப்பில் இஷ்யூ (பிழைப் புகார்) எண் இல்லையென்று ஒரு சிவப்புக் குறி வரலாம். சின்னத் திருத்தத்துக்கு 'ஸ்கிப் இஷ்யூ', 'ஸ்கிப் நியூஸ்' லேபிள்களை அவர்களே போடுவார்கள், பதற வேண்டாம். விமர்சனம் வந்தபின் ஃபோர்ஸ் புஷ் செய்யாதீர்கள் (பழைய கமிட்டை மாற்றி மேலெழுதுவது), எது மாறியது என்று விமர்சகருக்குத் தெரியாமல் போகும். கடைசியில் எல்லாக் கமிட்டையும் ஒன்றாக்கித்தான் மெர்ஜ் செய்வார்கள், இடையில் அசிங்கமாக இருந்தால் பரவாயில்லை. ஒரு புல் ரிக்வெஸ்டில் ஒரு விஷயம் மட்டும். இருபது கோப்புகளில் காற்புள்ளியை நகர்த்தி அனுப்பினால் யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

"எழுத்துப்பிழை திருத்துவதெல்லாம் பங்களிப்பா" என்று கமென்டில் வரப்போகிறவர்களுக்கு: நான் பேசுவது அதைப் பற்றி மட்டும் இல்லை, மேலே உள்ளதை ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள். அந்த இளக்காரத்துக்குக் காரணமானவர்கள் மீதுதான் எனக்குக் கோபம். 2020 அக்டோபரில் ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற ஓப்பன் சோர்ஸ் நிகழ்வில், பங்களித்தால் கிடைக்கும் டி-ஷர்ட்டுக்காக ரீட்மீ (திட்ட அறிமுக) கோப்பில் இரண்டு சொல்லை ஒட்டி அனுப்பிய குப்பை தாங்காமல், அதன் விதியையே மாற்றி, விரும்பும் திட்டங்கள் மட்டும் சேரட்டும் என்றார்கள். 2024-ல் எக்ஸ்பிரஸ் ஜேஎஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் வலைத் திட்டத்தின் ரெப்போவில், பாட வீடியோ பார்த்த நம் நாட்டு மாணவர்கள் ரீட்மீயில் தங்கள் பெயரைச் சேர்த்து வரிசையாக அனுப்பினார்கள். பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. பயிற்சி ரெப்போ ஒன்றை உருவாக்கிக் கொடுக்க ஐந்து நிமிடம் ஆகாது, அதைக்கூடச் செய்யாமல் பாடம் எடுக்கிறார்கள். அதனால் இன்று இந்தியப் பெயரோடு ஒரு ரீட்மீ திருத்தம் போனாலே சந்தேகத்தோடு பார்க்கிறவர்கள் உண்டு.

அதனால் ரீட்மீயை விடுங்கள். டாக் ஃபோல்டருக்குள் டூல்ஸ் ஃபோல்டரில் 'டாட் நிட்இக்னோர்' என்று ஒரு கோப்பு இருக்கிறது. ஸ்ஃபிங்க்ஸ் எச்சரிக்கை இன்னும் தீராத பக்கங்களின் பட்டியல் அது. அதிலிருந்து ஒரு கோப்பைப் பிடித்து, உடைந்த குறுக்கிணைப்புகளைச் சரிசெய்து, அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கி அனுப்புங்கள். பதில் வர வாரக்கணக்கில் ஆகலாம். ஒரு மாதம் கழித்து மரியாதையாக ஒரு வரி நினைவூட்டலாம், அதற்கு முன் 'எனி அப்டேட்' வேண்டாம்.