லோவர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் என்ன மீன் இருக்கிறது, தூண்டில் போட்டால் கிடைக்குமா?

கேள்வி: சிங்கப்பூரில் யீஷூனுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறோம். ஊரில் குளத்தில் மண்புழு கோத்துக் கெண்டை பிடித்த பழக்கம் உண்டு. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் லோவர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் என்னென்ன மீன் இருக்கிறது? பதினோரு வயது மகனை அழைத்துப் போனால் ஏதாவது மாட்டுமா?

மாட்டும். ஆனால் ஊர்க் குளத்தில் மாட்டிய மீனும் மாட்டாது, மாட்டிய விதத்திலும் மாட்டாது.

முதலில் மண்புழுவை மறந்துவிடுங்கள். பொதுப் பயனீட்டுக் கழகத்தின் நீர்த்தேக்கங்களில் செயற்கை இரைக்கு மட்டும்தான் அனுமதி. புழு, இறால், ரொட்டி, மாவு உருண்டை எதுவும் கூடாது. நாம் குடிக்கிற தண்ணீர், அதனால் இந்தக் கண்டிப்பு. உங்கள் தூண்டிலில் எந்த மீன் வரும், எது வராது என்பதையும் இந்த ஒரு விதிதான் தீர்மானிக்கிறது. இது பிடிபடாமல் "இங்கே மீனே இல்லை" என்று சொல்லிக் கம்பை மடக்கிக்கொண்டு போனவர்கள் நிறையப் பேர். மீன் ஏராளமாக இருக்கிறது. அதில் பெரும்பகுதி ரப்பர் மீனையும் மினுக்குத் தகட்டையும் திரும்பிக்கூடப் பார்க்காத வகை, அவ்வளவுதான்.

இந்த நீர்த்தேக்கம் எப்படி வந்தது என்று தெரிந்தால் மீதி விளங்கும். சிலேத்தார் ஆற்றின் முகத்துவாரத்தில் அணை கட்டி 1986ல் உருவாக்கினார்கள். அதற்கு முன் ஜொகூர் நீரிணையின் உப்புத் தண்ணீர் தினமும் ஏறி இறங்கிய இடம் அது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த என் பெரியப்பா, அந்தப் பக்கத்துக் கழிமுகங்களில் கொடுவாவும் மடவையும் பிடித்ததைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். அணை வந்தது, தண்ணீர் நன்னீரானது, கடல் மீனுக்கு வழி அடைபட்டது. உள்ளூர் நன்னீர் மீன்களோ பெரும்பாலும் நிழல் விழும் காட்டோடைகளில் வாழ்ந்து பழகியவை. நீ சூன் சதுப்புக்காட்டில் அவை இன்னும் இருக்கின்றன. அகலத் திறந்து வெயில் காயும் ஏரி அவற்றுக்கு ஒத்துவராது. அப்படிக் காலியாகக் கிடந்த இடத்தில் வெளியூர் மீன்கள் குடியேறின. வளர்ப்புத் தொட்டியிலிருந்து வந்தவை சில, புண்ணியத்துக்கென்று விடப்பட்டவை சில, பிடித்து விளையாடலாம் என்று வேண்டுமென்றே கொண்டுவந்து விட்டவையும் உண்டு.

கரையோரம் நின்றாலே கண்ணில் படுவது திலாப்பியா, நம் ஊர் ஜிலேபிக் கெண்டை. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் ஜாவாவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த மீனின் வம்சமும் கலப்பினங்களும் இப்போது தீவு முழுக்க இருக்கின்றன. பாசியும் அடிவண்டலும்தான் அதன் சாப்பாடு. ஆகவே செயற்கை இரையை அது தேடி வந்து கடிக்காது. கூடு காக்கும் ஆண் மட்டும் எப்போதாவது கோபத்தில் சின்ன ஜிக்கை (தலையில் ஈயம் வைத்த செயற்கை இரை) முட்டித் தள்ளும். மண்புழு இருந்தால் உங்கள் மகன் காலையில் கை நிறைய திலாப்பியா பிடிப்பான், சந்தேகமே இல்லை. விதிப்படி போனால் இருப்பதிலேயே அதிகமான மீன்தான் பிடிக்கக் கடினமானதாகிவிடுகிறது.

அப்புறம், எல்லாரும் தேடி வருவது பீகாக் பாஸ். இங்கே சுருக்கமாக பீபி என்பார்கள். தென்னமெரிக்காவின் ஆறுகளிலிருந்து வந்த இனம். பொன்மஞ்சள் உடம்பு, முதுகிலிருந்து இறங்கும் கருப்புப் பட்டைகள், வால் அடியில் பொன் வளையம் போட்ட, கண் போன்ற ஒரு கருப்புப் புள்ளி. முட்டையிடும் காலத்தில் ஆணுக்கு நெற்றியில் புடைப்பு எழும். கண்ணால் பார்த்து வேட்டையாடும் பகல் மீன் என்பதால் இரவில் அதற்காகக் காத்திருப்பது வீண். சின்ன மீன் ஓடுவதுபோல் எது அசைந்தாலும் துரத்தும். உங்களுக்கும் மகனுக்கும் நான் சொல்வது இந்த மீனைத்தான். உள்ளங்கை நீளக் குட்டி பீபிகள் கும்பலாகத் திரியும், ஒன்று துரத்தினால் பக்கத்தில் உள்ளதும் போட்டிக்குத் துரத்தும். முதல் மீன் பெரும்பாலும் அந்த அளவில்தான் வரும். பெரியது வேண்டுமென்றால் பொறுமை வேண்டும்.

காரணம் இருக்கிறது. தூண்டில் போட அனுமதித்த கரை கொஞ்சம்தான். அறிவிப்புப் பலகை வைத்து எல்லை காட்டியிருப்பார்கள். அதற்கு வெளியே போட்டால் 3,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். ஆகவே தீவின் வடக்கிலிருந்து வரும் அத்தனை பேரும் அதே கரையில் நின்று அதே தண்ணீரில் வீசுகிறார்கள். அங்கே பிழைத்துப் பெரிதான மீன் பலமுறை மாட்டி விடுபட்டது. பளபள இரையைப் பார்த்ததும் பக்கம் வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகும். அதனால் எல்லாரும் போடும் பெரிய பளபளப்பான லூருக்கு (செயற்கை இரை) பதில் சின்னதாக, மங்கலாக, மெதுவாக இழுத்துப் பாருங்கள். விடியும் நேரமும், மழைக்கு முன் வானம் மூடிய நேரமும் நல்லது. உச்சி வெயிலில் போய் நிற்பதில் பயனில்லை. கனடா மாதிரிக் குளிர்நாட்டு ஏரிகளில் பனி உறைவதையும் உருகுவதையும் பார்த்து மீன் தேடுவார்கள். இங்கே தண்ணீர் வருஷம் முழுக்கச் சூடு, பருவம் என்றால் மழைதான். நவம்பர் முதல் ஜனவரி வரை கனமழை இறங்கித் தண்ணீர் கலங்கினால் கண்ணை நம்பும் பீபிக்குக் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம்.

தோமானைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் விராலின் பெரிய உறவு, ஒரு மீட்டரைத் தாண்டி வளரும். மேலே வந்து காற்றை விழுங்கி மூச்சு விடும் மீன், அந்த "களக்" சத்தத்தை வைத்தே இருக்கும் இடம் தெரியும். இதன் குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கில் ஒன்றாகத் திரியும். மூச்சுக்கு எல்லாம் சேர்ந்து மேலே வரும்போது அந்த இடம் மட்டும் உலைநீர் கொதிப்பதுபோல் துடிக்கும். சில வினாடி, பிறகு அடங்கிவிடும், இரண்டு மூன்று மீட்டர் தள்ளி மறுபடி துடிக்கும். அதற்கு நேர் கீழே தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அந்தக் கொதிப்புக்குள் தவளை லூரை வீசினால் பெற்றோர் பசியால் கடிப்பதில்லை, குஞ்சைக் காக்கக் கடிக்கின்றன. ஆகவே நிச்சயம் மாட்டும். இதைத் திறமை என்று சொல்லிப் படம் போடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. பெற்றோரைக் கரைக்கு இழுத்துப் படம் எடுத்து முடிப்பதற்குள் பீபிக் கூட்டம் குஞ்சுகளுக்குள் புகுந்துவிடும். குஞ்சுக் கூட்டத்தைப் பார்த்தால் மகனுக்குக் காட்டுங்கள். நின்று பார்க்கட்டும். அங்கே வீச வேண்டாம்.

தனியாகத் திரியும் தோமான் மாட்டினால் பல்லைக் கவனியுங்கள். மெல்லிய தூண்டில் நரம்பை அறுத்துவிடும், முனையில் லீடர் எனப்படும் தடித்த நரம்புத் துண்டு கட்டாயம். பீபியைக் கீழுதட்டில் கட்டைவிரல் வைத்துத் தூக்கலாம், தோமான் வாயில் விரல் வைக்கக் கூடாது, பிளையர் வேண்டும். இவை தவிர மாயன் சிக்ளிட் என்ற சின்ன முரட்டு மீன் அவ்வப்போது வரும்.

தீவின் நடுவில் ராக்கெட் வடிவக் கோபுரம் நிற்கும் அப்பர் சிலேத்தார் வேறு நீர்த்தேக்கம், பெயரைப் பார்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அங்கே தென்னமெரிக்க நன்னீர்த் திருக்கையே இனம்பெருக்கி நிலைத்துவிட்டது. வாலில் விஷமுள் உள்ள மீன். யாரோ தொட்டியில் வளர்த்ததைக் கொண்டுவந்து விட்டதன் பலனாக இருக்க வேண்டும். வெசாக் சமயத்தில் தேசியப் பூங்காக் கழகம் ஆண்டுதோறும் ஆட்களை நிறுத்தி, மீனையும் ஆமையையும் விடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். உங்கள் வீட்டு மீன்தொட்டியில் உள்ளதை ஒருநாளும் எந்த நீர்த்தேக்கத்திலும் விடாதீர்கள்.

மகனுக்கு விலை உயர்ந்த கம்பு வேண்டாம். ஆறு அடிக்குள் லேசான கம்பு, சின்ன ஸ்பின்னிங் ரீல், இரண்டு அங்குல ரப்பர் மீன் போதும். கடையில் வாங்கும் லூரில் மும்முனைக் கொக்கி இருந்தால் கழற்றிவிட்டு ஒற்றைக் கொக்கி போடுங்கள், அதன் எதிர்முள்ளைப் பிளையரால் நசுக்கிவிடுங்கள். மீனும் சுலபமாக விடுபடும், பையன் விரலில் ஏறினாலும் சுலபமாக வரும். மீனைத் தொடும் முன் கை நனைக்கச் சொல்லுங்கள், உலர்ந்த கை அதன் வழுவழுப்பைத் துடைத்து எடுத்துவிடும். பின்னால் ஆள் வருகிறார்களா என்று பார்த்துவிட்டு வீசுவதையும் முதல் நாளே பழக்குங்கள். சைக்கிள்காரர்களும் ஓடுகிறவர்களும் கரையை ஒட்டியே போவார்கள்.

யீஷூன் அவென்யூ 1 ஓரமாக உள்ள பூங்காப் பக்கம் போய் முதலில் பலகைகளைப் படியுங்கள். ஜூன் பள்ளி விடுமுறை வசதி, வருஷக் கடைசி விடுமுறையில் மழை கெடுக்கும். வார நாளில் ஏழு மணிக்குள் இடம் பிடித்தால் கூட்டம் இருக்காது. வெயில் ஏறியதும் கிளம்பிவிடுங்கள்.