தெருவில் வைத்துக் கேட்டுவிட்டார்!

கேள்வி: மேலூர் பக்கம் ஒரு கிராமம். வயது 24. விடாத இருமலுக்கு மதுரையில் தனியார் டாக்டரிடம் போனேன், டிபி என்றார். யாருக்கும் சொல்லாதீர்கள் என்று கெஞ்சியும் அரசாங்கத்துக்குத் தெரிவித்துவிட்டார். போன வாரம் சுகாதாரப் பணியாளர் ஒருவர் வந்து, குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்களிடம் “டிபி மாத்திரை சாப்பிடுற பொண்ணு வீடு எது?” என்று கேட்டிருக்கிறார். வரன் பார்க்கும் நேரம். டாக்டர் செய்தது துரோகம்தானே?

பதில்: டாக்டர் மேல் கோபம் வேண்டாம் தங்கச்சி. குழாயடியில் கேட்டாரே, அவர் மேல் கோபப்படுங்கள், அதில் நியாயம் இருக்கிறது.

நோயாளியின் ரகசியத்தை டாக்டர் வெளியே விடக் கூடாது என்பது 2002-ல் வந்த மருத்துவர் நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. நீதிபதி உத்தரவிட்டால், குறிப்பிட்ட ஒருவருக்கோ ஊருக்கோ பெரிய ஆபத்து இருந்தால், கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக இருந்தால் மட்டும் சொல்லலாம். டிபி 2012-லேயே அந்தக் கட்டாயப் பட்டியலுக்கு வந்துவிட்டது, தெரிவிக்காத டாக்டருக்குத் தண்டனை உண்டு என்று 2018-ல் அரசாணையே போட்டார்கள். அதனால் உங்கள் சம்மதத்தை அவர் எதிர்பார்க்க முடியாது, ஆனால் ‘தெரிவிக்கப் போகிறேன், உங்கள் வீட்டுக்கு ஆள் வருவார்கள்’ என்று முதலிலேயே உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம், அதைச் சொல்லாதது அவர் குறைதான்.

சரி, அந்தத் தகவல் போக வேண்டிய இடம் காசநோய்ப் பிரிவு. குழாயடி இல்லை. மாவட்டக் காசநோய் துணை இயக்குநர் அலுவலகத்துக்கு நடந்ததை அப்படியே எழுதிக் கொடுங்கள். இனி போன் பண்ணிவிட்டு வரட்டும், இல்லாவிட்டால் நானே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து மாத்திரை வாங்கிக்கொள்கிறேன் என்றும் எழுதுங்கள். ஊர்ப் பேச்சுக்குப் பயந்து மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், வழக்கமான டிபிக்கு 6 மாதம்தான், பாதியில் விட்டால் மருந்துக்கு மசியாத டிபியாகத் திரும்பி வரலாம்.

மாப்பிள்ளை வீட்டார் டாக்டருக்கே போன் போட்டு விசாரித்தாலும் அவர் வாய் திறக்கக் கூடாது. அவர்களிடம் சொல்வதும், எப்போது சொல்வதும் உங்கள் முடிவு. ஆனால் உங்களோடு ஒரே அறையில் படுக்கிற அம்மா, தம்பி, தங்கை யாராயிருந்தாலும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், அவர்களுக்கும் பரிசோதனை வேண்டும். தெருவிலிருந்து கேள்விப்படுவதற்கு முன்னால் உங்கள் வாயால் கேட்கட்டும்.